ஐ.வி.எஃப் கைகூடாத பிறகு செகண்ட் ஒபினியன்: ஃபைலை வாங்குவதிலிருந்து முடிவெடுப்பது வரை முழு வழிகாட்டி

ஐ.வி.எஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) தோற்றபின் வேறு டாக்டரைப் பார்க்கக் கிளம்பும் தம்பதிகள் கையில் பெரும்பாலும் ஒரு கட்டைப் பை இருக்கும். ஸ்கேன் படங்கள், ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், கருக்குழாயைக் காட்டும் ஹெச்.எஸ்.ஜி எக்ஸ்ரே, மருந்துக்கடை பில்கள் எல்லாம் அதில் இருக்கும். கரு வளர்ந்த ஆய்வகத்தின் தாள் (எம்ப்ரியாலஜி ஷீட்) மட்டும் இருக்காது. அது இல்லாமல் எவ்வளவு பெரிய நிபுணராக இருந்தாலும் ஊகித்துத்தான் சொல்ல முடியும். அந்த ஊகம் வழக்கமாக "எல்லா டெஸ்ட்டையும் மறுபடி எடுத்துடலாம், புதுசா ஒரு சைக்கிள் போயிடலாம்" என்பதில்தான் வந்து நிற்கும் (ஊசியில் தொடங்கிக் கருவை வைப்பது வரையிலான ஒரு சுற்றுச் சிகிச்சைதான் சைக்கிள்). அதற்கு ஆகும் லட்சங்கள் உங்களுடையவை, வயதும் உங்களுடையது.

செகண்ட் ஒபினியன் என்றால் நடந்து முடிந்த சிகிச்சையின் கணக்கை, அதில் லாப நஷ்டம் இல்லாத இன்னொருவர் படித்துச் சொல்வது. அதனால் வேலை தொடங்க வேண்டிய இடம் புது டாக்டரின் வாசல் அல்ல, பழைய மையத்தின் ரெக்கார்ட் பிரிவு.

முதலில்: இப்போது கேட்க வேண்டுமா?

ஒரே ஒரு கருமாற்றம் (கருவைக் கருப்பைக்குள் வைப்பது) தோற்றதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை ஆணையம் வெளியிடும் கணக்கில், சொந்தக் கருமுட்டையில் உருவான ஒரு கருவை வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 35 வயதுக்குக் கீழே ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 43, 44 வயதில் அது இருபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிடுகிறது. எல்லாம் சரியாக நடந்தாலும் தோற்கும் தடவைகளே அதிகம் என்பதுதான் இதன் பொருள்.

அப்படியானால் எப்போது கேட்பது? நல்ல தரமான கருக்களை இரண்டு மூன்று முறை வைத்தும் பீட்டா (கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறவில்லை என்றால் கேளுங்கள். எதிர்பார்த்ததைவிட முட்டை மிகக் குறைவாகக் கிடைத்திருந்தாலோ, கரு ஒன்றுகூட ஆய்வகத்தில் ஐந்தாம் நாள் வளர்ச்சியை எட்டாவிட்டாலோ முதல் சைக்கிளிலேயே கேட்கலாம். திரும்பத் திரும்பக் கரு கலைந்தாலும், காரணம் விளக்காமல் தானக் கருமுட்டைக்கோ வாடகைத்தாய்க்கோ போகச் சொன்னாலும் கேட்டே ஆக வேண்டும். என்ன நடந்தது என்று கேட்டால் "லக் இல்லம்மா" என்பதோடு பேச்சு முடிந்தால், அதுவே போதுமான காரணம்.

ஒரு சைக்கிள் முடிந்து ஒன்றிரண்டு மாதவிடாய் வரும் வரை உடம்புக்கு எப்படியும் இடைவெளி தேவைப்படும். ஃபைல் வேலையை அதற்குள் முடித்துவிடுங்கள். 38 வயது தாண்டியவர்களும் ஏ.எம்.ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) மிகக் குறைவாக உள்ளவர்களும் "ஆறு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டுப் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது.

பழைய டாக்டரிடம் ஒரு ரிவ்யூ

இதைத் தாண்டிப் போகாதீர்கள். சிகிச்சை செய்தவருக்குத் தெரிந்த சில விஷயங்கள் தாளில் ஏறியிருக்காது. கருமாற்றத்தின்போது கதீட்டர் (கருவை உள்ளே வைக்கும் மெல்லிய குழாய்) எளிதாகப் போனதா, ரத்தம் கசிந்ததா, கருப்பை வாய் வளைந்திருந்ததா, முட்டை எடுக்கும்போது ஒரு பக்கச் சினைப்பை எட்டாமல் போனதா என்பதெல்லாம் அந்த வகை. கணவன் மனைவி இருவரும் போய் மூன்றே கேள்வி கேளுங்கள்: எந்தக் கட்டத்தில் நாங்கள் பின்தங்கினோம்? அதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த முறை எதை மாற்றுவீர்கள், ஏன்? பதிலை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு "அதே புரோட்டோகால்தான், டோஸ் மட்டும் கொஞ்சம் ஏத்தலாம்" என்று பதில் வந்தால், டோஸை ஏற்றினால் எது சரியாகும் என்று கேளுங்கள். முட்டைகளை வளர்க்கும் எஃப்.எஸ்.ஹெச் ஊசியை நாளொன்றுக்கு 300 யூனிட்டுக்கு மேல் ஏற்றுவதால் முட்டை குறைவாக வரும் பெண்களுக்குப் பெரிய பயன் இல்லை. மருந்துச் செலவு மட்டும்தான் ஏறும்.

ஃபைலை வாங்குவது

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும். உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்கவும் வேண்டும். ஆகவே இது தயவு கேட்கும் விஷயமில்லை. என்றாலும் சண்டை போட்டுத் தொடங்காதீர்கள். உறைய வைத்த கருக்கள் இன்னும் அவர்களிடம் இருக்கலாம். ரிசப்ஷனில் வாய்ச்சொல்லாகக் கேட்டால் "டாக்டர் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று இழுபடும். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

"ஐயா / அம்மையீர், உங்கள் மையத்தில் இன்ன பதிவு எண்ணில் சிகிச்சை பெற்றோம். எங்கள் எல்லா சைக்கிள்களுக்குமான ஊசி சார்ட், முட்டை எடுப்புக் குறிப்பு, எம்ப்ரியாலஜி ஷீட், கருமாற்றக் குறிப்பு, உறைகருப் பதிவு, நாங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவங்கள் ஆகியவற்றின் நகல்களைத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். நகல் கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறோம்." கீழே இருவரின் கையெழுத்து, தேதி, அடையாள அட்டை நகல். இதையே மின்னஞ்சலிலும் அனுப்பி வையுங்கள்.

கிடைத்ததும் அங்கேயே பிரித்துப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி என்று ஒரே பக்கத்தை நீட்டினால் அது போதாது. இருக்க வேண்டியவை இவை:

ஊசி சார்ட்: எந்த நாளில் எந்த ஊசி எத்தனை யூனிட், ஒவ்வொரு ஸ்கேனிலும் ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) அளவுகள், கருப்பை உள்சவ்வின் தடிமன், எஸ்ட்ரடயால் ஹார்மோன், ட்ரிகர் (முட்டையை முதிரவைக்கும் கடைசி ஊசி) அன்றைய புரோஜெஸ்டிரோன் (உள்சவ்வைக் கருவுக்குத் தயார் செய்யும் ஹார்மோன்).

ட்ரிகர்: எந்த ஊசி, எத்தனை டோஸ், எத்தனை மணிக்குப் போட்டது. முட்டை எடுத்த நேரம்.

எம்ப்ரியாலஜி ஷீட்: எடுத்த முட்டைகள், அவற்றில் முதிர்ந்தவை, ஐ.வி.எஃபா இக்ஸியா (ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்துவது), மறுநாள் சரியாகக் கருவுற்றவை, மூன்றாம் நாள் செல் எண்ணிக்கை, ஐந்தாம் ஆறாம் நாள் தரம், வைத்தவை, உறைய வைத்தவை, உருக்கியபோது பிழைத்தவை. அன்றைய விந்து மாதிரியின் விவரமும் இதிலேயே இருக்கும்.

கருமாற்றம்: புரோஜெஸ்டிரோன் தொடங்கிய தேதியும் நேரமும், வைத்த கருவின் நாள், மாற்றம் எளிதா கடினமா. பிறகு வந்த பீட்டா மதிப்புகள் தேதியோடு.

கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபி, வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்திருந்தால் வீடியோவையும் கேளுங்கள். "நார்மல்" என்று எழுதிய ஒரு வரியைவிட அந்த வீடியோ எவ்வளவோ மேல்.

ஒரே பக்கத்தில் உங்கள் கதை

புது டாக்டருக்கு உங்களுக்காக இருக்கும் நேரம் இருபது, முப்பது நிமிடம். கட்டைப் பையைக் கொட்டித் தேடுவதிலேயே பாதி போய்விடும். ஏ4 தாள் ஒன்றில் எழுதுங்கள்: இருவரின் வயது, மணமான ஆண்டு, உறவில் திருமணமா, உயரம் எடை, சர்க்கரை, தைராய்டு, செய்த அறுவை சிகிச்சைகள், இயற்கையாகத் தங்கிய கர்ப்பங்கள். அதன் கீழே சைக்கிளுக்கு ஒரு வரி: ஊசி, முட்டை, முதிர்ந்தவை, கருவுற்றவை, ஐந்தாம் நாள் கரு, வைத்தது, பீட்டா. இந்த வரிகளை எழுதி முடிக்கும்போதே எங்கே அறுகிறது என்று உங்களுக்கே தெரிய ஆரம்பிக்கும்.

எண்களைப் படிப்பது

எம்ப்ரியாலஜி ஆய்வகங்களின் தரத்தை அளக்க ஐரோப்பிய, சர்வதேச நிபுணர்கள் வியன்னாவில் கூடி வகுத்து 2017இல் வெளியான அளவுகோல்கள் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. எடுத்த முட்டைகளில் 75 முதல் 90 சதவீதம் முதிர்ந்திருக்க வேண்டும். இக்ஸி செய்த முதிர்ந்த முட்டைகளில் குறைந்தது 65 சதவீதம் சரியாகக் கருவுற வேண்டும், நல்ல ஆய்வகத்தின் இலக்கு 80. இக்ஸியில் சேதமாகும் முட்டை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருவுற்றவற்றில் குறைந்தது 40 சதவீதம் ஐந்தாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் (நன்கு வளர்ந்த ஐந்தாம் நாள் கரு) ஆக வேண்டும், இலக்கு 60. உருக்கிய பிளாஸ்டோசிஸ்ட்களில் 90 சதவீதமாவது பிழைக்க வேண்டும். இவை ஆய்வகத்தின் மொத்தச் சராசரிக்கான அளவுகள். நாலு முட்டை எடுத்த ஒருவருக்கு இதை அப்படியே பொருத்தி ஆய்வகத்தைக் குற்றம் சொல்லக் கூடாது. ஆனால் எந்தக் கண்ணி பலவீனம் என்று காட்ட இவை போதும்.

ஸ்கேனில் நன்கு வளர்ந்த ஃபாலிக்கிள் பதினைந்து தெரிந்து, கிடைத்த முட்டை நான்கே என்று வைத்துக்கொள்வோம். முதல் சந்தேகம் ட்ரிகர் ஊசியின் மேல். வழக்கமாக ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பார்கள். ஊசி இரவு பத்தரைக்குப் போட வேண்டியது பன்னிரண்டுக்குப் போடப்பட்டதா, பொடியைத் திரவத்தில் கலக்கும்போது பாதி குப்பியிலேயே தங்கிவிட்டதா, குளிரில் வைக்க வேண்டிய ஊசி பஸ் பயணத்தில் சூடானதா, பக்கத்துத் தெரு நர்ஸ் ஹெச்.சி.ஜி (ட்ரிகராகப் போடும் ஒரு ஹார்மோன்) 10,000 யூனிட்டுக்குப் பதில் 5,000 போட்டாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஹெச்.சி.ஜி ட்ரிகர் என்றால் மறுநாள் ரத்தத்தில் அதன் அளவு தெரியும். வேறு வகை ட்ரிகர் போட்டிருந்தால் 12 மணி நேரம் கழித்து எல்.ஹெச் (முட்டையை முதிரவைக்கும் உடலின் சொந்த ஹார்மோன்) ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்த சைக்கிளில் இந்த ஒரு பரிசோதனை சேர்ந்தாலே குழப்பம் தீரும்.

பன்னிரண்டு முட்டையில் ஐந்துதான் முதிர்ந்தவை என்றால் ட்ரிகர் ஒரு நாள் முந்திவிட்டதா என்று ஃபாலிக்கிள் அளவுகளைப் பாருங்கள். பெரியவை இரண்டு மூன்றாவது 17, 18 மில்லிமீட்டரை எட்டிய பிறகே பொதுவாக ட்ரிகர் போடுவார்கள். ஒன்று மட்டும் 20க்குப் போய் மற்றவை 12, 13இல் நின்றிருந்தால், ஊசி தொடங்கும் முன் ஃபாலிக்கிள்களை ஒரே சீராக வைக்கும் முறை தேவைப்படலாம். ட்ரிகர் வகையை மாற்றுவதும், இரண்டு வகையைச் சேர்த்துப் போடுவதும் இங்கே பேச வேண்டியவை.

பத்து முதிர்ந்த முட்டையில் மூன்றே கருவுற்றால் கேள்வி விந்தணுவுக்கும் இக்ஸி செய்த கைக்கும் இடையே நிற்கிறது. சாதாரண ஐ.வி.எஃப் செய்து இப்படி ஆகியிருந்தால் அடுத்தது இக்ஸி. இக்ஸியிலேயே இப்படி என்றால் முட்டையைச் செயற்கையாகத் தூண்டும் முறை பொருந்துமா என்று எம்ப்ரியாலஜிஸ்ட்டிடமே கேட்க வேண்டும்.

எட்டு கருவுற்று, மூன்றாம் நாளில் ஏழு அழகாக இருந்து, ஐந்தாம் நாளில் ஒன்றுமில்லை என்பது அடிக்கடி வரும் ஷீட். மூன்றாம் நாள் வரை கரு பெரும்பாலும் முட்டையின் இருப்பை வைத்தே ஓடுகிறது. அதற்குப் பிறகுதான் தாய் தந்தை இருவரின் மரபணுக்களும் வேலையைக் கையில் எடுக்கின்றன. அதனால் விந்தணுவின் டி.என்.ஏ சிதைவு, முட்டையின் தரம், இன்குபேட்டர் சூழல் மூன்றையும் யோசிக்க வேண்டும். அதே வாரத்தில் மற்ற தம்பதிகளின் கருக்கள் எப்படி வளர்ந்தன என்று கேளுங்கள். பெயரைக் கேட்கவில்லை, சதவீதத்தைத்தான் கேட்கிறீர்கள். நல்ல ஆய்வகம் இதைச் சொல்லத் தயங்காது.

4ஏஏ, 4ஏபி என்று நல்ல தரம் எழுதிய பிளாஸ்டோசிஸ்ட்களை மூன்று முறை வைத்தும் பீட்டா சுழியம் என்றால்தான் கருப்பை, கருக்குழாய், ஹார்மோன் பக்கம் முழுக் கவனம் திரும்ப வேண்டும். பீட்டா 40க்கு ஏறி இறங்கியிருந்தால் அது சுழியத்துக்குச் சமமல்ல. கரு ஒட்டியிருக்கிறது, நிலைக்கவில்லை. இரண்டுக்கும் தேடும் திசை வேறு. ஒரு எச்சரிக்கை: ஹெச்.சி.ஜி ட்ரிகர் உடலில் பத்து நாளுக்கும் மேல் தங்கலாம். சீக்கிரம் எடுத்த டெஸ்ட்டில் வந்த சிறு மதிப்பைக் கர்ப்பமாக எண்ணிவிடாதீர்கள்.

புரோஜெஸ்டிரோன் நாள் கணக்கு

தனியாகச் சொல்லக் காரணம், இந்தத் தவறு எளிதில் நடக்கும், யார் கண்ணிலும் படாது. மாத்திரை கொடுத்து உள்சவ்வை வளர்த்து உறைகரு வைக்கும் சைக்கிளில், ஐந்தாம் நாள் கருவை வழக்கமாக முழுதாக ஐந்து நாள் புரோஜெஸ்டிரோன் முடித்து ஆறாம் நாள் வைப்பார்கள். திங்கள் இரவு ஒரு மாத்திரை வைத்ததை முதல் நாளாக எண்ணியவரும், செவ்வாய் காலையிலிருந்து எண்ணியவரும் ஒரே மையத்தில் இருப்பார்கள். தேதியும் நேரமும் இருந்தால் இதைச் சரிபார்க்கலாம்.

அளவும் முக்கியம். பிறப்புறுப்பு வழியாக மட்டும் மருந்து வைப்பவர்களில் சிலருக்கு ரத்தத்தில் அது போதிய அளவு ஏறுவதில்லை. கருமாற்ற நாளில் மில்லிக்கு 10 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் வாய்ப்பு குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஊசியோ வேறு மாத்திரையோ சேர்ப்பதுதான் வழி. புரோஜெஸ்டிரோன் போல வேலை செய்யும் டைட்ரோஜெஸ்டிரோன் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது இந்த ரத்தப் பரிசோதனையில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். புது கருவாகவே வைத்திருந்தால், ட்ரிகர் நாளில் புரோஜெஸ்டிரோன் 1.5 நானோகிராமுக்கு மேல் போயிருந்ததா என்று பாருங்கள். போயிருந்தால் கருவை உறைய வைத்து அடுத்த மாதம் வைத்திருக்க வேண்டும்.

கருப்பையும் கருக்குழாயும்

கருக்குழாயில் நீர் கோத்திருப்பதை விட்டுவிட்டு ஐ.வி.எஃப் செய்தால் வெற்றி ஏறத்தாழ பாதியாகிறது. பழைய எக்ஸ்ரேயைக் கட்டாயம் காட்டுங்கள். குழாயை எடுப்பதோ கருப்பையோடு சேரும் இடத்தில் அடைப்பதோ கருமாற்றத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலை. உட்குழிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நார்த்திசுக்கட்டி, பாலிப், தடுப்புச் சவ்வு, பழைய டி அண்ட் சி-யால் வந்த ஒட்டுகள் ஆகியவற்றுக்கும் இதே விதி. ஆனால் ஸ்கேன் சுத்தமாக இருக்கும்போது "எதுக்கும் ஒரு ஹிஸ்டரோஸ்கோபி" என்பதற்கு ஆதாரம் பலமில்லை. இரண்டு முதல் நான்கு முறை தோற்ற பெண்களிடம் நடந்து 2016இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் அதனால் பிரசவ விகிதம் கூடவில்லை.

நம் நாட்டில் தனியாகப் பேச வேண்டியது கருப்பைக் காசநோய். அது உண்மையிலேயே கருக்குழாயையும் உள்சவ்வையும் பாழாக்கும். அதே சமயம் ஒற்றை பி.சி.ஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) பாசிட்டிவ்வை மட்டும் வைத்து ஆறு மாத டி.பி மருந்து தொடங்கப்படும் பெண்களும் குறைவில்லை. பி.சி.ஆர் செத்த கிருமியின் துணுக்கையும் பிடிக்கும். திசுப் பரிசோதனை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், சி.பி.நாட் எனும் டி.பி பரிசோதனை, லேப்ராஸ்கோபியில் கண்டது என இன்னும் எது ஆதரவாக இருக்கிறது என்று கேளுங்கள். உள்சவ்விலிருந்து மாதிரி எடுக்கும்போது ஒரு பகுதி ஃபார்மலினிலும் (பதப்படுத்தும் திரவம்) ஒரு பகுதி சலைனிலும் (உப்புநீர்) போக வேண்டும். ஃபார்மலினில் போட்ட திசுவில் கல்ச்சர் வளராது. கலைந்த கருவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பும்போதும் இதே கதைதான்: தியேட்டருக்குள் போகும் முன்பே "சாம்பிளை சலைன்ல போடுங்க சிஸ்டர்" என்று சொல்லி வையுங்கள்.

கணவருக்கு ஒரே ஒரு டெஸ்ட் போதாது

இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த ஒரே செமன் அனாலிசிஸை வைத்துக்கொண்டு மூன்று சைக்கிள் போனவர்கள் நிறைய. இரண்டு முதல் ஏழு நாள் விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுப் புதிதாக எடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ்வரம்புகள்: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1.6 கோடி அணுக்கள், மொத்த அசைவு 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். வடிவம் "4 சதவீதம்தான்" என்று பார்த்துப் பதற வேண்டாம், வரம்பே அதுதான். எண்ணிக்கை மில்லிக்கு 50 லட்சத்துக்குக் கீழே என்றால் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோம் பரிசோதனையும் தேவை. ஒய் குரோமோசோமில் விந்தணு உற்பத்திக்கான ஏ.இசட்.எஃப் ஏ அல்லது பி பகுதி முழுதாக இல்லாவிட்டால், விதையிலிருந்து அணு எடுக்கும் அறுவை சிகிச்சை வீண். ஜிம்முக்காக டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டும், அது அணு உற்பத்தியையே நிறுத்திவிடும். ஓர் அணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. காய்ச்சலோ மருந்தோ புகையோ இன்று நின்றால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். இந்தப் பக்கத்துக்கு ஆண்மைக்குறைவு லாட்ஜ் வைத்தியரிடம் போகாதீர்கள், ஆண் மலட்டுத்தன்மையில் பழகிய யூராலஜிஸ்ட்டைப் பாருங்கள்.

யாரிடம் போவது

அதே சங்கிலியின் வேறு கிளை கூடாது. சிகிச்சை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஆலோசனை மட்டும் தருபவராக இருந்தால் நல்லது. வேலூர் சி.எம்.சி-யில் கருத்தரிப்புக்கென்றே தனித்துறை உண்டு. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் கருத்தரிப்பு மையம் இயங்குகிறது. தனியார் என்றால் 2021ஆம் ஆண்டு ஏ.ஆர்.டி (கருத்தரிப்பு உதவிச் சிகிச்சை) சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என்று பாருங்கள். லெவல் 1 பதிவில் ஐ.யு.ஐ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) வரைதான் செய்யலாம், ஐ.வி.எஃப்-க்கு லெவல் 2 வேண்டும். அதே சட்டத்தில் வயது வரம்பும் உண்டு: பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55.

இருவரும் போங்கள். மாமியார், அம்மா, நாத்தனார் எல்லோரும் உள்ளே வந்தால் கருக்கலைப்பு, பாலியல் தொற்று, டெஸ்டோஸ்டிரோன் ஊசி போன்றவற்றைப் பேசவே முடியாது.

உள்ளே போனதும் சுருக்கத் தாளைக் கொடுத்துவிட்டு இப்படிக் கேளுங்கள்: "மேடம், இந்த ஷீட்டைப் பாத்தா எந்த இடத்துல பிரச்சினைன்னு தோணுது?" பதிலில் உங்கள் எண்கள் வர வேண்டும். அடுத்து: நீங்கள் சொல்லும் ஒவ்வொரு டெஸ்ட்டும் எதை மாற்றும்? பாசிட்டிவ் வந்தால் என்ன செய்வோம், நெகட்டிவ் வந்தால் என்ன செய்வோம்? இரண்டுக்கும் ஒரே பதில் என்றால் அந்த டெஸ்ட் வேண்டாம். எங்கள் வயதில், எங்கள் முட்டைக் கணக்கில், உங்கள் மையத்தில் ஒரு சைக்கிள் தொடங்கினால் குழந்தையோடு வீட்டுக்குப் போகிறவர் நூற்றுக்கு எத்தனை பேர்? "70 சதவீதம்" என்று போர்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் பீட்டா பாசிட்டிவ் கணக்கு. நிறுத்துவது நல்லது என்று நினைத்தால் சொல்வீர்களா என்றும் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஃபைலைத் திறக்காமலே "அங்கே எல்லாமே தப்பாப் பண்ணியிருக்காங்க" என்பவர், இன்றே பணம் கட்டினால் தள்ளுபடி என்பவர், நூறு சதவீத உத்தரவாதம் தருபவர் ஆகியோரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

விலைப்பட்டியலில் சேரும் கூடுதல்கள்

தோற்று வந்தவர்களிடம்தான் இவை அதிகம் விற்கப்படுகின்றன. கருப்பை உள்சவ்வைச் சுரண்டுவது: 1,364 பெண்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் பிரசவ விகிதம் ஒன்றே. கரு வைக்கும் நேரத்தைக் கணிக்கும் ஈ.ஆர்.ஏ: 2022இல் வந்த பெரிய ஆய்வில் பயன் தெரியவில்லை. ஸ்டீராய்டு வகை பிரெட்னிசோன் மாத்திரை: திரும்பத் திரும்பத் தோற்றவர்களிடம் 2023இல் வந்த சீன ஆய்வில் பிரசவம் கூடவில்லை, குறைமாதப் பிரசவம் கூடியது. கணவரின் வெள்ளணுக்களை மனைவிக்கு ஊசியாகப் போடும் சிகிச்சையை அமெரிக்கா 2002லேயே ஆய்வுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டது, இங்கே இன்னும் நடக்கிறது. ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கத்தின் 2023 பரிந்துரை என்.கே செல் (ஒருவகை நோய் எதிர்ப்பு அணு) டெஸ்ட்டையும் இன்ட்ராலிப்பிட் (கொழுப்புத் திரவம்) ட்ரிப்பையும் வேண்டாம் என்கிறது. ரத்தம் உறையும் கோளாறு உறுதியானால் உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்குப் பொருள் உண்டு, மற்றவர்களுக்கு வயிற்றில் கன்றிய தழும்புகள்தான் மிச்சம். அதே பரிந்துரை செய்யச் சொல்பவற்றில் ஒன்று ஆண்டிபாஸ்போலிப்பிட் (ரத்தத்தை உறையத் தூண்டும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை. தைராய்டு, புரோஜெஸ்டிரோன் அளவு, இருவரின் குரோமோசோம், நாட்பட்ட உள்சவ்வு அழற்சிக்கான சி.டி 138 ஆகியவற்றையும் யோசிக்கலாம் என்கிறது.

கருவின் குரோமோசோமைச் சோதிக்கும் பி.ஜி.டி-ஏ ஒரு தனி ரகம். அது கருவைச் சரிசெய்வதில்லை, வரிசைப்படுத்த மட்டும் உதவும். இளம் வயதில் பல நல்ல கரு இருப்பவருக்கு மொத்தத்தில் குழந்தை வாய்ப்பைக் கூட்டுவதில்லை. உறவில் மணந்து, குடும்பத்தில் குறிப்பிட்ட மரபணு நோய் இருந்தால் தேவைப்படுவது வேறொன்று, அந்த நோயைக் கருவில் தேடும் பி.ஜி.டி-எம். அதற்கு முதலில் மரபணு ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

தானக் கருமுட்டை என்றால்

ஏ.எம்.ஹெச் ஒன்றை மட்டும் காட்டி முடிவு சொன்னால் ஏற்காதீர்கள். ஏ.எம்.ஹெச் முட்டையின் எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தை வயது சொல்லும். 31 வயதில் ஏ.எம்.ஹெச் 0.6 இருப்பவரும் 43 வயதில் 2 இருப்பவரும் ஒன்றல்ல. ஒப்புக்கொள்வதாக இருந்தால் சட்டம் தெரிந்திருக்கட்டும்: தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள், வாழ்நாளில் ஒரே முறை, அதிகபட்சம் ஏழு முட்டை. ஒருவரின் முட்டையை ஒரு தம்பதிக்கு மேல் தரக் கூடாது. பழைய ஒப்புதல் படிவங்களைக் கேட்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். தானக் கரு பற்றி உங்களுக்குச் சொல்லாத ஒரு வரி அதில் இருந்தால் இப்போதே தெரிய வேண்டும்.

கருத்துகள் முட்டிக்கொண்டால், மையம் மாறினால்

இரு டாக்டர்களும் வேறு வேறு சொன்னால் மூன்றாவது ஆளைத் தேடும் முன், இரண்டாமவரின் கருத்தை எழுத்தில் வாங்கி முதலாமவரிடம் காட்டுங்கள். பாதி முரண்பாடு அங்கேயே கரைந்துவிடும். மிச்சம் இருப்பதில் எது உங்கள் ஷீட்டில் பலவீனமான கண்ணியைத் தொடுகிறதோ அதற்கு முதலிடம் கொடுங்கள்.

பழைய மையத்தில் உறைகரு இருந்தால், புதுச் சைக்கிளுக்குப் பணம் கட்டாதீர்கள். பெரும்பாலும் மலிவான வழி, அந்தக் கருவை அங்கேயே, இரண்டாமவர் சொன்ன மாற்றங்களோடு வைத்துப் பார்ப்பது. வேறு இடத்துக்குக் கொண்டுபோவதென்றால் இருவரின் எழுத்து ஒப்புதலோடு, கருவை இடம் மாற்ற ஏ.ஆர்.டி சட்டம் கேட்கும் தேசிய வாரிய அனுமதியையும் கவனிக்க வேண்டும். அதை யார் வாங்குவது என்று இரு மையங்களிடமும் எழுத்தில் கேளுங்கள். திரவ நைட்ரஜன் கலனில் போகும் வழியில் பொறுப்பு யாருடையது, எந்த முறையில் உறைய வைத்தார்கள், உருக்க அதே வகை திரவம் புது ஆய்வகத்தில் இருக்கிறதா என்பதும் அந்தத் தாளில் வர வேண்டும். சேமிப்புக் கட்டண ரசீதுகளைத் தொலைக்காதீர்கள்.

ஃபைலைத் தர மறுத்தாலோ, ஷீட்டும் உங்களுக்குச் சொன்னதும் ஒத்துப்போகாவிட்டாலோ ஏ.ஆர்.டி சட்டத்தின் கீழுள்ள மாநில அதிகாரியிடம் எழுத்தில் புகார் தரலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். சீல் போட்டு வாங்கிய அந்தக் கடிதத்தின் நகல் அப்போது கையில் இருக்கட்டும்.